கோவில்பட்டியிலிருந்து வீட்டுக்கு வீடு வந்த சாமிகள்
(ஓவியர் கொண்டையராஜுவின் வாழ்க்கை)

நம்ம வீட்டு சாமி ரூமை ஒரு தடவை நினைச்சுப் பாருங்க. ராயகிரியோ, சிவகிரியோ, வாசுதேவநல்லூரோ, எந்த ஊர் வீடானாலும் கண்ணாடி போட்ட ஒரு பழைய படம் இருக்கும். தாமரையில் நிற்கிற லட்சுமி, மயிலோடு முருகன், இல்லேன்னா மீனாட்சி கல்யாணம். பாட்டி கல்யாணமாகி வந்த காலத்துக் காலண்டர் அது. தேதிச் சீட்டெல்லாம் கிழிஞ்சு போய், மேலே இருந்த படத்தை மட்டும் வெட்டிச் சட்டம் போட்டிருப்பாங்க. அந்த லட்சுமியின் முகத்தை நமக்குத் தெரியும். அந்த முகத்தை வரைந்த மனுஷன் யாரென்று கேட்டால் பத்து பேரில் ஒன்பது பேர் முழிப்போம். போன வருஷம் வரைக்கும் நானும் அப்படித்தான் முழிச்சேன்.

இத்தனைக்கும் அவர் ஏதோ தூர தேசத்துக்காரர் இல்லை. சங்கரன்கோவில் போய், கழுகுமலை வழியாக பஸ் பிடித்தால் வருகிற கோவில்பட்டிதான் அவர் வாழ்ந்த ஊர். கடலை மிட்டாய்க்குப் பேர் போன அந்த ஊருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. தென்னாட்டுக் காலண்டர் ஓவியத்தின் தலைநகரம் அதுதான். அந்தப் பெருமைக்குக் காரணமானவர் ஓவியர் சி. கொண்டையராஜு.

கொண்டையராஜு பிறந்தது 1898-ம் ஆண்டு, சென்னை மயிலாப்பூரில். சித்த வைத்தியம் பார்த்த குடும்பம். பிள்ளைக்கு மூலிகையைவிடப் படம் வரைவதில்தான் நாட்டம். சென்னையில் 1850-ல் டாக்டர் அலெக்சாண்டர் ஹன்டர் தொடங்கிய ஓவியப் பள்ளியில் சேர்ந்து படித்தார். நம்ம பாலிடெக்னிக் மாதிரியே கைத்தொழில் சொல்லிக் கொடுக்கத் தொடங்கிய இடம்தான் அது. நிழல் எந்தப் பக்கம் விழும், தூரத்தில் இருக்கும் தூண் எவ்வளவு சிறுக்கும், எலும்புக்கு மேலே சதை எப்படி மூடும் என்று மேல்நாட்டு முறையில் பயிற்சி.

படிப்பு முடிந்ததும் இந்த மாதிரி ஆட்கள் ஒரு டிராயிங் மாஸ்டர் வேலையில் உட்காருவார்கள். அதுதான் அன்றைக்கு வழக்கம். இவர் போனது திருவண்ணாமலைக்கு! ரமண மகரிஷியின் ஆசிரமத்தில் சில காலம் தங்கினார், மகரிஷியை ஓவியமாகவும் வரைந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பிற்காலத்தில் நாடகக் கொட்டகையில் வேலை செய்தபோதும் சரி, காலண்டர் கம்பெனிகள் தேடி வந்தபோதும் சரி, கடைசி வரை பாதிச் சாமியாராகவே வாழ்ந்துவிட்டார். சங்கரன்கோவிலில் ஒரே உடம்பில் சிவன் பாதி, பெருமாள் பாதி என்று பார்த்துப் பழகிய நமக்கு, துறவி பாதி தொழிலாளி பாதி என்ற இந்த மனுஷரைப் புரிஞ்சுக்கிறது கஷ்டமில்லை.

அடுத்து அவர் வந்து சேர்ந்த இடம் நாடகக் கம்பெனி. இங்கேதான், நம்ம படிப்புக்குச் சம்பந்தமான விஷயம் ஆரம்பிக்கிறது. கொஞ்சம் நின்று பார்ப்போம்.

அந்தக் காலத்து கம்பெனி நாடகத்தில் பின்னாலே தொங்கும் திரைச்சீலைதான் பாதி நாடகம். தெரு சீன் ஒன்று, தர்பார் சீன் ஒன்று, காட்டு சீன் ஒன்று, நந்தவனம் ஒன்று. திரையைச் சுருட்டி மேலே தூக்கினால் காடு மறைந்து அரண்மனை வந்துவிடும். ஒவ்வொன்றும் ஒரு வீட்டுச் சுவர் அளவு. இதை எப்படி வரைவது? ஓவியர் முதலில் ஒரு சின்னக் காகிதத்தில் மாதிரி போட்டுக்கொள்வார். அதன் மேல் ஒரு அங்குலத்துக்கு ஒரு அங்குலம் கட்டம் கட்டுவார். துணியில் ஒரு அடிக்கு ஒரு அடி கட்டம். சுண்ணாம்பு தோய்த்த நூலை இழுத்துப் பிடித்துச் சுண்டினால் நேர்கோடு விழும். கொத்தனாரும் தச்சரும் இன்றைக்கும் செய்கிற வேலைதான். பிறகு காகிதத்துக் கட்டத்தில் கோடு எங்கே நுழைந்து எங்கே வெளியேறுகிறதோ, துணிக் கட்டத்திலும் அதே இடத்தில் நுழைந்து வெளியேற வேண்டும். நீளம் 12 மடங்கு, பரப்பு 144 மடங்கு.

கவனிச்சீங்களா? கட்டத்தின் ஓரத்தில் கோடு வெட்டும் புள்ளிகளை மட்டும்தான் அளந்து குறிக்கிறார்கள். இரண்டு புள்ளிக்கு நடுவிலே வளைவு எப்படிப் போகணும் என்பதைக் கைதான் முடிவு செய்கிறது. பத்தாவது வரிசையில் இருக்கிற கடைசிப் பார்வையாளனுக்கும் ராஜாவின் மீசை மீசையாகத் தெரியணும். பெருசாக்கும்போது பிசிறில்லாமல் பெருசாக்கணும். ஆசிரியர் சொல்லிக் கொடுத்து இது வராது. வருஷக்கணக்கில் திரை எழுதினால்தான் வரும். அந்தக் காலத்தில் படத்தை எழுதுகிறது என்றுதான் சொல்வார்கள், அந்தச் சொல்லே எனக்குப் பிடிச்சிருக்கு.

1931-ல் பேசும் படம் தமிழுக்கு வந்த பிறகு நாடகக் கம்பெனிகள் ஒவ்வொன்றாக நொடித்தன. கொண்டையராஜு இருந்த கம்பெனியும் தப்பவில்லை. 1942-ல், உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த நேரத்தில், கோவில்பட்டிக்கு வந்த கம்பெனி அங்கேயே கலைந்து போனது. நடிகர்கள் ஊர் திரும்பினார்கள். இவருக்குத் திரும்ப வேண்டிய வீடு என்று ஒன்று இல்லை. கூடவே இருந்த சீடப் பிள்ளைகளோடு கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டார். 44 வயசு! ஒரு வேலை போய், தெரியாத ஊரில், சொத்து என்று தூரிகைப் பெட்டி மட்டும். நம்மில் பல பேர் டிப்ளமோ முடித்து ஆறு மாசம் வேலை இல்லேன்னாலே உலகமே முடிஞ்ச மாதிரி உட்கார்ந்திடுறோம்.

அங்கே உருவானதுதான் தேவி ஆர்ட் ஸ்டுடியோ. டி.எஸ். சுப்பையா, எம். ராமலிங்கம், டி.எஸ். அருணாசலம் போன்றவர்கள் அவரிடம் வளர்ந்த ஓவியர்கள். பள்ளிக்கூடம் மாதிரி ஃபீஸ், சர்டிபிகேட் எதுவும் கிடையாது. குருவோடு இருந்து, குரு செய்வதைப் பார்த்து, முதலில் கலர் கலக்கி, பிறகு நகைக்குப் புள்ளி வைத்து, பிறகு புடவை மடிப்பு, கடைசியில்தான் முகம் என்று கை பழக்குகிற முறை. முகத்தில் கண் வைப்பது எல்லாவற்றுக்கும் கடைசி. இந்தக் கூட்டத்தின் படங்கள் பலவற்றில் கொண்டையராஜுவின் பெயரும் சீடரின் பெயரும் சேர்ந்தே இருக்கும். புகழ் வந்த பிறகு தன் பெயருக்குப் பக்கத்தில் உதவியாளரின் பெயரை எழுத எத்தனை பெரியவர்களுக்கு மனசு வரும்?

கோவில்பட்டிக்கு இன்னொரு அதிர்ஷ்டம், சிவகாசி பக்கத்தில் இருந்தது. 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்த கதை நமக்கெல்லாம் தெரியும். தீப்பெட்டி என்றால் லேபிள் வேண்டும், பட்டாசு என்றால் லேபிள் வேண்டும். லேபிளுக்காக வந்த அச்சு இயந்திரங்கள் லேபிளோடு நிற்கவில்லை. ஜவுளிக் கடை, நகைக் கடை, பாத்திரக் கடை, எண்ணெய்க் கடை எல்லோருக்கும் வருஷா வருஷம் வாடிக்கையாளருக்குக் கொடுக்கக் காலண்டர் தேவைப்பட்டது. காலண்டருக்குச் சாமி படம் தேவைப்பட்டது. சிவகாசியில் இயந்திரம், கோவில்பட்டியில் கை. 1950-களிலும் 60-களிலும் இந்த இரண்டும் சேர்ந்து தென்னாட்டு வீடுகளின் சுவரை நிரப்பின என்றால் மிகையாகாது.

இதற்கு முன்னோடி ராஜா ரவிவர்மா. அவர் 1894-ல் பம்பாயில் அச்சகம் தொடங்கி, கோயிலுக்குள் போக அனுமதி இல்லாதவர் வீட்டுக்கும் சாமியைக் காகிதத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார். கொண்டையராஜு அவரிடமிருந்து நிழலையும் சதையையும் எடுத்துக்கொண்டார். ஆனால் ரவிவர்மாவின் லட்சுமி ஒரு அழகான மனுஷி போல நிற்பாள். கொண்டையராஜுவின் லட்சுமி நேராக நம்மைப் பார்ப்பாள். கர்ப்பக்கிரகத்தில் நிற்கிற மாதிரி. பின்னால் மலையும் அருவியும் நாடகத் திரையிலிருந்து வந்தவை. கழுத்து நகையும் கிரீடமும் தஞ்சாவூர்ப் படத்தை ஞாபகப்படுத்தும். நிற்கிற நிலை கற்சிலையின் நிலை. அவரது மீனாட்சி கல்யாணம் படத்தைப் பாருங்கள். மதுரைக் கோயில் தூணில் நாம் பார்க்கிற அதே மூவர்: வெட்கத்தோடு மீனாட்சி, கைப்பிடிக்கும் சொக்கநாதர், தாரை வார்க்கும் பெருமாள். கல்லில் இருந்ததற்கு ரத்த ஓட்டம் கொடுத்த மாதிரி இருக்கும். பெரிய கலை விமர்சகர்கள் இதைக் கடைத்தெருக் கலை என்று ரொம்ப காலம் ஒதுக்கித்தான் வைத்திருந்தார்கள். சூடம் காட்டிக் கும்பிட்டவர்கள் விமர்சனம் படிக்கிறவர்கள் இல்லை என்பதால் அது யாரையும் பாதிக்கவில்லை.

சரி, ஒரு படம் எப்படி லட்சம் படமானது? லித்தோ முறையை 1790-களில் ஜெர்மனியில் கண்டுபிடித்தவர் செனபெல்டர். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது, அவ்வளவுதான் தத்துவம். கல்லின் மேல் எண்ணெய்ப் பசையுள்ள மையால் வரைந்து, கல்லை நனைத்து, மேலே மை உருளையை ஓட்டினால், வரைந்த இடத்தில் மட்டும் மை பிடிக்கும். கல்லுக்குப் பதில் பின்னால் துத்தநாகத் தகடு வந்தது. கலர் படம் என்றால் ஒவ்வொரு கலருக்கும் ஒரு கல், ஒரு தகடு. ஆரம்ப காலத்தில் இதைப் பிரித்தவன் மனுஷன்தான். லித்தோ ஆர்ட்டிஸ்ட் மூலப்படத்தைப் பார்த்து, இந்தக் கன்னத்தில் மஞ்சள் எவ்வளவு, சிவப்பு எவ்வளவு என்று கண்ணாலேயே பிரித்துப் புள்ளி புள்ளியாக வைப்பார். பிறகு கேமரா வந்தது. மஞ்சள், மஜெந்தா, சயான், கறுப்பு என்று நாலு பிலிம். அதிலும் டச்சிங் வேலை கைதான். ஒரு தகடு அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் ரிஜிஸ்டர் போய், அம்மனுக்கு உதடு இரண்டாகத் தெரியும்.

இப்போ என் சொந்தக் கதை. எங்க தெரு அம்மன் கோயில் கொடைக்கு பத்தடி அகல பிளெக்ஸ் வேணும்னு பெரியவங்க கேட்டாங்க. டிப்ளமோ படிக்கிற பையன், கம்ப்யூட்டர் தெரியும் என்று வேலை என் தலையில் விழுந்தது. பாட்டி வீட்டிலிருந்த பழைய காலண்டர் அம்மனைச் சட்டத்திலிருந்து கழற்றி 300 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்தேன். பத்து அங்குல அகலம், அதாவது 3000 புள்ளி. பத்தடி என்றால் 120 அங்குலம். 3000-ஐ 120-ஆல் வகுத்தால் அங்குலத்துக்கு 25 புள்ளி! திரையில் பெருக்கிப் பார்த்தப்போ அம்மன் கண்ணு செங்கல் அடுக்கின மாதிரி இருந்தது.

விடுவேனா? படத்தை வெக்டார் ஆக்கினால் எவ்வளவு பெருக்கினாலும் உடையாது என்று தெரியும். இங்க்ஸ்கேப்பில் தானியங்கி டிரேஸ் பட்டனை அழுத்தினேன். கம்ப்யூட்டர் பத்து நிமிஷம் மூச்சு வாங்கிவிட்டு ஒன்றைக் கொடுத்தது. காலண்டரில் இருந்த அச்சுப் புள்ளிகள் ஒவ்வொன்றையும் ஒரு உருவமாக எடுத்துக்கொண்டு பல்லாயிரம் துண்டு. கன்னத்தில் மஞ்சளிலிருந்து ரோஜா நிறத்துக்கு மெல்ல மெல்ல மாறுகிற இடத்தை, சர்வே மேப்பில் மலைக்குக் கோடு போடுவாங்களே, அந்த மாதிரி பட்டை பட்டையாக வெட்டியிருந்தது. சாந்தமான அம்மனுக்கு அம்மை போட்ட மாதிரி ஆகிப்போச்சு. பாட்டி பார்த்துட்டு ஒண்ணும் சொல்லல, கன்னத்தில போட்டுக்கிட்டு உள்ள போயிட்டாங்க.

அப்புறம்தான் கையால் டிரேஸ் செய்ய உட்கார்ந்தேன். இந்த இடத்தில் ஒரு பிரெஞ்சு இன்ஜினியரைப் பற்றிச் சொல்லியாகணும். பியர் பெசியே, 1910-ல் பாரிஸில் பிறந்தவர். மெக்கானிக்கல் படித்து, எலக்ட்ரிக்கலும் படித்து, 1933-ல் ரெனால்ட் கார் கம்பெனியில் சேர்ந்து 42 வருஷம் அங்கேயே வேலை பார்த்தவர். டூல் டிசைன் ஆள். கார் பாடியின் வளைவை ஓவியர் காகிதத்தில் வரைவார், அதைப் பார்த்து ஒருவர் களிமண்ணில் செய்வார், இன்னொருவர் மரத்தில் டெம்ப்ளேட் வெட்டுவார், கடைசியில் டை செய்பவர் இரும்பில் செய்வார். ஒவ்வொரு கையிலும் வளைவு கொஞ்சம் மாறும். எது சரியான வளைவு என்று யாராலும் சொல்ல முடியாது. வளைவையே எண்ணாக எழுதிவிட்டால் இந்தச் சண்டை தீரும் என்று 1960-களில் அவர் ஒரு முறையை ரெனால்டில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். சிட்ரோயன் கம்பெனியில் பால் தெ காஸ்தல்ஜோ என்பவர் 1959-லேயே இதே வளைவுக்கு வழி கண்டுபிடித்திருந்தார். கம்பெனி அதை ரகசியமாக வைத்துக்கொண்டதால் உலகம் பெசியேயின் பெயரைச் சொல்கிறது.

நம்ம டிராயிங் ஷீட்டிலேயே இதைப் போட்டுப் பார்க்கலாம். நாலு புள்ளி வையுங்க, ஏ, பி, சி, டி. வரிசையாக ஸ்கேலால் இணையுங்க. மூன்று கோடுகளுக்கும் நடுப்புள்ளி குறிங்க. அந்த மூன்றையும் இணைத்தால் இரண்டு கோடு, அவற்றுக்கும் நடுப்புள்ளி. அந்த இரண்டையும் இணைத்து அதற்கும் நடுப்புள்ளி எடுத்தால், அது வளைவின் மேல் இருக்கும். பாதிக்குப் பதில் கால், முக்கால் என்று எடுத்தால் வளைவின் மற்ற இடங்கள் கிடைக்கும். வளைவு ஏ-யில் கிளம்பி டி-யில் முடியும். பி-யும் சி-யும் தூரத்தில் நின்று காந்தம் மாதிரி இழுக்கும். கம்ப்யூட்டர் மனசில் வைத்துக்கொள்வது இந்த நாலு புள்ளியைத்தான். பத்து மடங்கு பெருக்கணும்னா நாலு புள்ளியின் எண்களைப் பத்தால் பெருக்கிவிட்டு, வளைவைப் புதிதாகப் போடும். அதனால்தான் உடைவதில்லை. 1984-ல் வந்த போஸ்ட்ஸ்கிரிப்ட்டிலும், 2001-ல் தரமாக அறிவிக்கப்பட்ட எஸ்.வி.ஜி.யிலும் உள்ளே ஓடுவது இந்த வளைவுதான்.

நாடகத் திரையில் கட்டத்தின் ஓரப் புள்ளிகளை வைத்துக்கொண்டு நடு வளைவைக் கை போட்டதே, அந்தக் கையின் வேலையை பி-யும் சி-யும் செய்கின்றன. நம்ம ஸ்தபதிகளும் அளவை இப்படித்தான் வைத்திருந்தார்கள். முகத்தின் நீளம் ஒரு தாளம், அதில் 12 அங்குலம், உடம்பு இத்தனை தாளம் என்று கணக்கு. அடி, மீட்டர் எதுவும் இல்லை. உள்ளங்கைச் சிலைக்கும் ஒரே கணக்கு, கோபுரச் சிலைக்கும் ஒரே கணக்கு.

கையால் அம்மனின் புருவத்தை எடுத்தேன். முதலில் பதினைந்து நோடு வைத்தேன், நடுங்கின கோடு மாதிரி வந்தது. குறைத்துக் குறைத்து இரண்டு நோடில் வந்து நின்றேன். இரண்டு நோடு, இரண்டு கைப்பிடி, அவ்வளவுதான். கோடு அப்படியே மூலப்படத்தின் மேல் படிந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது! கொண்டையராஜுவோ அவர் சீடரோ அந்தப் புருவத்தை ஒரே இழுப்பில் போட்டிருக்கணும். நிறுத்தி நிறுத்திப் போட்ட கோடு இரண்டு நோடில் அடங்காது. மூக்கின் ஓரம், மேல் உதடு, தோளிலிருந்து முழங்கை வரை இறங்குகிற கோடு எல்லாம் அப்படியே. நான் ராத்திரி பகலாக மூன்று நாள் செய்ததை அந்தக் கை ஒரு மூச்சில் செய்திருக்கிறது. கன்னத்து நிழல் மட்டும் எனக்குக் கடைசி வரை வரவில்லை. கிரேடியன்ட் போட்டால் பிளாஸ்டிக் பொம்மை மாதிரி இருந்தது. வெக்டார் கோட்டுக்கு நல்லது, தோலுக்கு இல்லை என்பது என் அபிப்பிராயம். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் ஹாஸ்டலில் வந்து சண்டை போடலாம்.

எல்லாம் முடிந்து மூலப்படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான் ஒன்று உறைத்தது. கீழ் ஓரத்தில் பாதத்துக்குப் பக்கத்தில் கறுப்பாகச் சின்னதாக ஏதோ இருந்தது. ஸ்கேனில் தூசி என்று நினைத்து முதல் நாளே அழித்துவிட்டேன். பூதக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஓவியரின் பெயர்! பக்கத்தில் சீடரின் பெயர். பாதி எழுத்து சட்டம் போட்டவர் வெட்டியதில் போயிருந்தது. அன்றைக்குத்தான் கொண்டையராஜு யார் என்று தேட ஆரம்பித்தேன். இந்தக் கட்டுரை அப்படி வந்ததுதான்.

கொண்டையராஜு 1976-ல் காலமானார். பணம் சேர்த்து வைத்துவிட்டுப் போகவில்லை. கல்யாணம் இல்லை, பிள்ளை இல்லை. சீடர்கள்தான் பிள்ளைகள். அவர்களும் அவர்களுடைய சீடர்களும் அதே முகத்தை, அதே கண்ணை மேலும் பல வருஷம் காலண்டருக்கு எழுதிக்கொடுத்தார்கள். பின்னால் 1990-களில் வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்கள்கூட அவர் படங்களைப் பற்றி எழுதினார்கள். லட்சக்கணக்கான வீட்டில் தினமும் விளக்கேற்றிக் கும்பிடப்படுகிற படங்களை வரைந்தவரின் பெயர் மட்டும், சட்டம் போடும் கடையில் ரம்பத்துக்கு அடியில் போய்க்கொண்டே இருந்தது.

அழித்த பெயரைத் திரும்பவும் கையாலேயே டிரேஸ் பண்ணி, போன எழுத்துகளை வேறு படங்களைப் பார்த்து நிரப்பி, பிளெக்ஸின் கீழ் மூலையில் ஒரு அடி நீளத்துக்கு வைத்தேன். குரு பெயரும் சீடர் பெயரும் சேர்ந்தே. சங்கரன்கோவிலில் பிரிண்ட் போடக் கொடுத்த இடத்தில் மிஷின் ஓட்டுற அண்ணன் திரையைப் பார்த்து, கொடைக்கு நன்கொடை கொடுத்தவங்களா தம்பி, இவங்க போட்டோவைக் காணோமே, போன் நம்பர் போட வேண்டாமா என்று கேட்டார்.